பெயர் மாறினால் சனலும் மாறியதா? – வாசகர் கேள்வி பதில்

தொலைக்காட்சி நிலையங்களின் பெயர், இலச்சினை, அலைவரிசை மாற்றங்கள் குறித்துத் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எமது பாடசாலை நூலகத்தில் இலங்கைத் தொலைக்காட்சி வரலாறு பற்றி மாணவர்களுக்கு ஒரு சுவர்ப் பத்திரிகை தயாரிக்கிறோம். ஒரே சனல் பல பெயர்களில் வருகிறது. சில இடங்களில் ஒரே அலைவரிசையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எதை எந்த வரிசையில் எழுதுவது?
– உவர்மலை வாசகி

பதில்: பெயரை வைத்து வரிசைப்படுத்தப் போனால் பாதியிலேயே சிக்கிக்கொள்வீர்கள். ஒரு நிலையத்தின் அடையாளம் ஐந்து இழைகளால் ஆனது: உரிமையாளர், பெயர், அலைவரிசை, மொழி, திரைத்தோற்றம். இலச்சினையும் அடையாள இசையும் செய்தி அரங்கும் திரைத்தோற்றத்துக்குள் அடங்கும். இந்த ஐந்தும் ஒரே நாளில் மாறுவது மிக அரிது. ஆகவே ஐந்து நிரல்கள் போட்டு, இடப்பக்கம் ஆண்டை எழுதி, எது மாறியதோ அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். மாறாத கட்டங்களில் ஒரு கோடு போட்டால் போதும்.

நமது நாட்டின் முதல் நிலையமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐ.ரி.என். (சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பு) 1979 ஏப்ரல் 13 அன்று தனியார் முயற்சியாகப் பன்னிப்பிட்டியிலிருந்து தொடங்கியது. கொழும்பையும் அதைச் சூழ்ந்த சிறு வட்டத்தையும் தாண்டி அது தெரியவில்லை. அதே ஆண்டு ஜூன் 5 அன்று அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. ஐம்பத்து மூன்று நாட்களில் உரிமையாளர் மாறிவிட்டார், ஆனால் பெயர் மாறவில்லை. 1992 இல் அது அரசுக்குச் சொந்தமான வரையறுத்த நிறுவனமாக்கப்பட்டது. அப்போதும் பெயர் அப்படியே இருந்தது. அதன் பெயரில் இன்றும் ‘சுயாதீன’ என்ற சொல் நிற்பதற்குக் காரணம் அந்த முதல் ஐம்பத்து மூன்று நாட்கள்தான். மாணவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஷான் விக்கிரமசிங்க 1993 இல் ரி.என்.எல். நிலையத்தைத் தொடங்கினார்.

இதற்கு நேரெதிர் மகாராஜா குழுமம். உரிமையாளர் மாறவே இல்லை, பெயர்தான் மாறிக்கொண்டிருந்தது. 1992 இல் எம்.ரி.வி. என்று ஆங்கிலச் சனலாக வந்தது. 1998 இல் சிங்களத்துக்குச் சிரச, தமிழுக்குச் சக்தி என்று கிளை பிரிந்தது. பழைய ஆங்கிலச் சனல் பின்னர் சனல் வன் எம்.ரி.வி. ஆகி, அதன் பிறகு ரி.வி. வன் ஆனது. அமெரிக்க இசைச் சனலான எம்.ரி.வி.க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இணையத்தில் தேடும் மாணவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள், கவனியுங்கள்.

ஒரே அலைவரிசையில் இரண்டு பெயர் என்று நீங்கள் எழுதியது ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் சனல் ஐ, நேத்ரா இரண்டையும் பார்த்துத்தான் இருக்கும். இரண்டும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே அலைவரிசையில் வந்தவை. அங்கே அலைவரிசை நிரலில் ஒரு பதிவும், பெயர், மொழி நிரல்களில் இரண்டிரண்டு பதிவுகளும் வர வேண்டும். ரூபவாஹினியின் ஒளிபரப்புத் தொடக்கம் 1982 பெப்ரவரி 15. ஐ.ரி.என். குழுமத்தின் தமிழ்ச் சனலான வசந்தம் 2009 இல் வந்தது.

டிஷ் வைத்த வீடுகளில் நாம் பார்த்த தமிழகச் சனல்களையும் ஓரத்தில் சேர்க்கலாம். 1975 ஓகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1993 இல் டிடி 5 என்ற சனலைப் பெற்றது. அது 2000 இல் பொதிகை ஆகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. உரிமையாளர் எப்போதும் தூர்தர்ஷன்தான். விஜய் ரி.வி. வேறு மாதிரி. 1994 இல் கோல்டன் ஈகிள் கொம்யூனிகேஷன் என்று தொடங்கி, 1996 இல் விஜய் மல்லையா வாங்கியபின் விஜய் ஆனது. 2001 இல் ஸ்டார் குழுமத்திடம் போன பிறகும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் கொடுத்தவர் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கேள்வி: வீட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட வி.எச்.எஸ். கசற்றுகள் இருக்கின்றன. பலவற்றில் எழுத்து அழிந்துவிட்டது. திரையின் மூலையிலுள்ள இலச்சினையைப் பார்த்து எந்த ஆண்டில் பதிந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: இலச்சினை மட்டும் போதாது. அதுவும் ஆரம்ப ஆண்டுகளில் மூலை இலச்சினை எப்போதும் இருந்ததில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையில் வரும் நிலைய அடையாளத்தில்தான் பெயர் தெரியும். மூலையில் ஒன்றுமில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முதலில் கீழெல்லையைக் குறியுங்கள். சிரசவோ சக்தியோ தெரிந்தால் 1998 க்கு முன்பாக இருக்க முடியாது. தெரண தெரிந்தால் 2005 க்கு முன்பாக இருக்க முடியாது. பொதிகை என்றிருந்தால் 2000 க்கும் 2024 ஜனவரிக்கும் இடைப்பட்டது.

அடுத்தது பலர் மறந்துபோன ஒரு சாட்சி: நாட்டின் மணி. 1996 மே 25 அன்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் அரை மணி பின்னே வந்து, இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்றாயின. ஆகவே இந்தியாவில் நடக்கும் கிரிக்கெட் போட்டியை இங்குள்ள சனல் நேரடியாகக் காட்டும்போது, அங்கே காலை 9.30 க்குத் தொடங்குவதை அறிவிப்பாளர் ‘பத்து மணிக்கு’ என்றால் அந்தக் கசற் 1996 ஒக்டோபர் இறுதிக்கும் 2006 ஏப்ரலுக்கும் நடுவில் பதியப்பட்டது. ‘ஒன்பதரை’ என்றால் அதற்கு முன்போ பின்போ.

விளம்பரங்களில் வரும் தொலைபேசி எண்களும் உதவும். கொழும்பு எண் 01 என்ற குறியீட்டோடு ஆறு இலக்கமாக இருந்தால் பழையது. 011 என்று வந்து ஏழு இலக்கம் 2 இல் தொடங்கினால் 2000களின் தொடக்கத்தில் நடந்த மாற்றத்துக்குப் பிந்தியது.

கசற்றையும் பாருங்கள். முதுகுப்பக்கம் இடதுமூலையிலுள்ள சிறு பிளாஸ்டிக் தட்டு உடைக்கப்பட்டிருந்தால், மேலே பதியக் கூடாது என்று யாரோ நினைத்துப் பாதுகாத்த கசற் அது. உடைக்காததில் பலமுறை அழித்துப் பதிந்திருப்பார்கள், அட்டையிலுள்ள திகதியை நம்ப வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட கசற்றில்தான் புதையல் இருக்கும். ஈ-180 கசற்றில் ஏறத்தாழ 258 மீற்றர் நாடா, மூன்று மணித்தியாலம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மேலே பதிந்திருந்தால், படம் முடிந்து திரை சிறிது கலங்கியபின் கடைசி அரை மணியில் பழைய பதிவு தலைகாட்டும். அதில் செய்தி முடிவோ நிலைய அடையாளமோ ஒட்டியிருக்கக் கூடும். கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கசற்றுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி? ஒருமுறை முயன்றபோது படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே போனது.
– அதே வாசகரும், மூதூர் வாசகர் ஒருவரும்

பதில்: கறுப்பு வெள்ளையாக உருள்வது கசற்றின் குற்றமாக இருப்பது குறைவு. கசற்றின் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் மலிவான யூ.எஸ்.பி. பிடிப்பான்கள் அமெரிக்க முறையான என்.ரி.எஸ்.சி.யில் தொடங்கும். நம்முடையது பால்-பி: 625 வரி, நொடிக்கு 25 படம். மென்பொருளில் காணொளித் தரம் என்ற இடத்தில் பால்-பி என்று மாற்றி, அளவு 720 பெருக்கல் 576 என்று வையுங்கள். அதற்குப் பிறகும் உருண்டால்தான் கசற்றை ஓட்டும் டெக்கைச் சந்தேகிக்க வேண்டும். மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த டெக்குகள் பல முறைகளையும் வாசிப்பவை, அவை கிடைத்தால் நல்லது. அமெரிக்காவுக்கென்று செய்த டெக் பெரும்பாலும் உதவாது.

ஓடவிடுவதற்கு முன் கசற்றின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ சிலந்தி வலை போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். கடற்காற்று படும் நம் ஊர்களில் இது சாதாரணம். அதை டெக்கில் போட்டால் நாடாவை வாசிக்கும் தலையில் அப்பி, அடுத்துப் போடும் நல்ல கசற்றுகளுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனிப்பையில் கட்டி வைத்துவிட்டு, சுத்தமானவற்றை முதலில் முடியுங்கள். பூஞ்சணம் பிடித்ததற்குப் பழைய டெக் ஒன்றை ஒதுக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் தலையைத் துடைக்க வேண்டும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த வழவழப்பான தாளையோ மான்தோல் துண்டையோ தலை பொருத்திய உருளையில் லேசாக அழுத்திப் பிடித்து, மறு கையால் உருளையைச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை முறிந்துவிடும். பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், நார் மாட்டிக்கொள்ளும்.

பல ஆண்டுகள் ஓடாத கசற்றைக் கடைசிவரை முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன் பிறகு வாசியுங்கள். இறுக்கம் சமப்படும், படம் நடுங்குவது குறையும்.

பிடிப்பானைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் நேரே செருகுங்கள். கிளைப்பெட்டி வழியாகப் போனால் படங்கள் தவறி, ஒலி முந்தியோ பிந்தியோ ஓடும். ஒலி 48 கிலோஹேர்ட்ஸ். டி.வி. (DV) எனும் காணொளி வடிவில் சேமித்தால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட், இழப்பில்லாத வடிவில் அதன் இருமடங்குக்கு மேல் பிடிக்கும். நேரடியாக எம்.பி. 4 ஆகச் சுருக்கிப் பிடிக்க வேண்டாம். சுருக்கிய பிரதியைப் பிறகு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். படத்தின் அடியில் சில வரிகள் கலங்கித் தெரியும். அது தலை மாறும் இடம், பழுதல்ல. மூலக் கோப்பில் அதை வெட்டாதீர்கள்.

விகிதம் 4:3. புதிய ரி.வி.யை நிரப்புவதற்காக 16:9 ஆக இழுத்தால் வட்டமான இலச்சினை முட்டையாகிவிடும். கோப்பு சரியா என்று பார்க்க இதுவே எளிய சோதனை: வட்டம் வட்டமாக இருக்கிறதா?

மிக முக்கியமானது, விளம்பரங்களை வெட்டாதீர்கள். எல்லோரும் நாடகத்தையும் படத்தையும் வைத்துக்கொண்டு, இடைவேளையை வீண் என்று நீக்கிவிடுகிறார்கள். படம் வேறெங்காவது கிடைக்கும். அந்த மூன்று நொடி நிலைய அடையாளமும், அறிவிப்பாளரின் ‘இத்துடன் இன்றைய ஒளிபரப்பு நிறைவடைகிறது’ என்ற வரியும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: திருகோணமலையில் ஜேர்மன்காரர்கள் நடத்தியது தொலைக்காட்சி நிலையமா, வானொலியா?
– நிலாவெளி வாசகர்

பதில்: வானொலி. டொய்ச்சே வெல்லே நிறுவனத்தின் சிற்றலை அஞ்சல் நிலையம் அது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஆசிய நாடுகளை நோக்கி ஒலிபரப்பியது. பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. நிலமும் கோபுரங்களும் அதே இடத்தில் நிற்க, உரிமையாளர் மட்டும் மாறிய கதை இது. அந்தக் கூட்டுத்தாபனமும் பெயர் மாறியதுதான்: ரேடியோ சிலோன், 1967 ஜனவரி 5 இலிருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். 1972 இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியதும் அதன் ஆங்கிலப் பெயரும் மாறியது. தமிழில் நாம் முன்பும் ‘இலங்கை’ என்றே சொன்னதால் அந்த இரண்டாம் மாற்றம் நமக்குப் புலப்படவே இல்லை.

கேள்வி: நான் ஒரு சிறிய உள்ளூர்க் கேபிள் சனலில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்கிறேன். சனலின் பெயரையும் இலச்சினையையும் மாற்றப் போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?
– திருக்கடலூர் வாசகர்

பதில்: மேலே சொன்ன ஐந்து இழைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் தோற்றத்தையும் மாற்றுகிறீர்கள் என்றால், கேபிளில் வரும் இலக்கத்தையும் செய்தி நேரத்தையும் அந்த மாதம் தொடவே கூடாது. பெயரும் இலக்கமும் ஒரே நாளில் மாறினால், பார்ப்பவர் சனல் மூடப்பட்டுவிட்டது என்றே நினைப்பார். பழைய அடையாள இசையையும் உடனே தூக்கி எறியாதீர்கள். புதிய பெயரின்மேல் பழைய இசை சில மாதம் ஓடட்டும். சமையலறையில் நிற்பவருக்குச் சனலை அடையாளம் காட்டுவது அந்த இசைதான்.

பெயரை முடிவு செய்யுமுன் இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று கம்பனிப் பதிவாளரிடம். மற்றது தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட குறிகளில். ஒலி-ஒளிபரப்பு 38 ஆம் வகுப்பு, நிகழ்ச்சித் தயாரிப்பு 41 ஆம் வகுப்பு. இரண்டிலும் பார்க்க வேண்டும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். உங்கள் ஒளிபரப்பு உரிமம் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதையும் திரைப் பெயரையும் எழுத்தில் இணைத்துக் கடிதம் வாங்கி வையுங்கள். பெயர் வேறு, உரிமம் வேறு என்றால் பின்னால் தலையிடி.

இனி வரைதல். பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் கணினித் திரையில் பெரிதாகப் பார்த்து வரைகிறார்கள், அங்கேதான் பிழை தொடங்குகிறது. உங்கள் சனல் பல வீடுகளில் பழைய மஞ்சள் வயர் வழியாக, 576 வரிகளில்தான் தெரியும். ஆகவே முதலில் அந்த அளவில் வரைந்து சோதியுங்கள், பிறகு 1920 பெருக்கல் 1080 க்குப் பெரிதாக்குங்கள். ஒன்றுவிட்ட வரிகளை மாறி மாறிக் காட்டும் வரிப்பின்னல் முறையில் ஒற்றை வரி அளவு மெல்லிய கிடைக்கோடு நொடிக்கு 25 முறை துடிக்கும். எச்.டி. படத்தில் எந்தக் கிடைக்கோடும் 4 புள்ளிக்கு மெல்லியதாக வேண்டாம். தூய சிவப்பைத் தவிருங்கள். மஞ்சள் வயரில் நிற விவரம் ஒளி விவரத்தின் கால்பங்குதான் போகும், சிவப்பு எழுத்தின் ஓரம் வழிந்து தெரியும். வெள்ளையே நல்லது, அதையும் 60–70 சதவீத அடர்த்தியில் வையுங்கள். பிளாஸ்மா, ஓலெட் திரைகளில் அடர்ந்த இலச்சினை நாள் முழுதும் ஒரே இடத்தில் நின்றால் நிரந்தரத் தழும்பு விழும். எல்.ஈ.டி. என்று கடையில் விற்கும் சாதாரண ரி.வி.களில் அப்படி விழுவது குறைவு, விழுந்தாலும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இடம்: ஓரத்திலிருந்து 5 சதவீதம் உள்ளே, அதாவது பக்கவாட்டில் 96 புள்ளி, மேலிருந்து 54 புள்ளி. கேபிள் கட்டுப்பாட்டு நிலையம் 16:9 படத்தின் பக்கங்களை வெட்டி 4:3 ஆக அனுப்புகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் நடுவிலுள்ள 1440 புள்ளி அகலம்தான் வீட்டுக்குப் போகும், மூலையில் வைத்த இலச்சினை போகாது. அவ்வாறெனில் இலச்சினை இடமிருந்து 240 புள்ளிக்கு அப்பால், அத்துடன் ஓர இடைவெளியும் விட்டு நிற்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. சிறிதாகும்போது முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து விலக்கி வரையுங்கள். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் உட்சுழிகள் அடைபடும். ஆகவே பெயரில் அவை இருந்தால் தடிமனைக் குறைக்க வேண்டும். வரைந்து முடித்ததும் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறி உருக்குலையும்.

ஓடும் செய்திப் பட்டியில்தான் பெரிய சோதனை. நம் நாட்டில் பல வருட எழுத்துகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றத்தோடு மாற்றமாக ஒருங்குறிக்கு (யூனிகோட்) போய்விடுங்கள். ஆனால் பழைய எழுத்தோட்ட மென்பொருள் ஒருங்குறியை ஏற்றாலும் எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் இருக்கலாம். கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். வாங்கும் முன் இந்த வரியை அடித்துப் பாருங்கள்: ‘மூதூர், கொழும்பு, கௌரவ, ஸ்ரீ, க்ஷேத்திரம், நெடுந்தீவு, கோணேஸ்வரம்.’ இதில் ஒன்று பிழைத்தாலும் அந்த மென்பொருள் வேண்டாம்.

மாற்றத்தை மூன்று நான்கு வாரங்களாகப் பரப்புங்கள். முதல் வாரம் பழைய இலச்சினையின் கீழ் புதிய பெயர் சிறிதாக வரட்டும். அடுத்த இரண்டு வாரம் புதிய இலச்சினையின் கீழ் பழைய பெயர். அதன் பிறகு புதியது மட்டும். மறக்கப்படுபவை வழக்கமாக இவை: ஒலிவாங்கியில் மாட்டும் பெட்டி, செய்தியாளர் அடையாள அட்டை, வாகன ஒட்டி, பற்றுச்சீட்டு, நிகழ்ச்சி முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல், ஏற்கெனவே பதிந்து வைத்த விளம்பரங்களின் கடைசிச் சட்டகம். யூடியூப்பில் புதிய பக்கம் திறக்காதீர்கள், இருப்பதன் பெயரை மாற்றுங்கள். திறந்தால் சேர்ந்திருந்தவர்களும் பழைய காணொளிகளும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒலியளவை எல்லா அடையாளத் துண்டுகளுக்கும் மைனஸ் 23 எல்.யு.எவ்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) என்று சமப்படுத்துங்கள். புதிய அடையாளம் வரும்போதெல்லாம் திடுக்கிட்டு ஒலியைக் குறைக்கும் பழக்கம் பார்ப்பவருக்கு வந்தால், அதைத் திருத்த மாதங்கள் எடுக்கும்.

மாற்றும் நாளுக்கு முதல்நாள், காலை தொடங்கி இரவு முடிவுவரை முழு ஒளிபரப்பையும் பதிந்து இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். பழைய இலச்சினையின் மூலக் கோப்பை அழிக்க யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கூரையில் அப்பா காலத்து அன்ரனா நிற்கிறது. சில சனல்கள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. கொக்காவிலில் புதுக் கோபுரம் கட்டியதால் அதை நோக்கித் திருப்பலாமா?
– சீனக்குடா வாசகர்

பதில்: திருப்ப வேண்டாம். கொக்காவில் கோபுரம் 2011 இல் திறக்கப்பட்டது, உயரம் 174 மீற்றர். ஆனால் உங்களிடமிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்கு மேல். மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். கொக்காவிலுக்குத் தரையுயரம் சேர்த்து 200 மீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் 58 கிலோமீற்றர்தான். உங்கள் 10 மீற்றர்க் கம்பத்துக்கு இன்னும் 13. இரண்டும் சேர்ந்து 71, போதாது. ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் பீதுருதாலகால மலையோ 2,524 மீற்றர். அதன் எல்லை 207 கிலோமீற்றர், உங்களிடமிருந்து தூரம் ஏறத்தாழ 180. ஆகவே தெற்கே, சற்று மேற்குச் சாய்வாக வைத்திருப்பதே சரி.

சில சனல் மட்டும் மங்குவதற்குக் காரணம் கம்பிகளின் நீளமாக இருக்கலாம். அளவு நாடாவால் வயர் பொருத்திய கம்பியை அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றர் என்றால் வி.எச்.எவ். எனும் தாழ்ந்த பட்டையின் 5 ஆம் வழிக்கு (அலைவரிசை எண்ணுக்கு) வெட்டியது. 63 என்றால் 12 ஆம் வழி. யு.எச்.எவ். எனும் உயர்ந்த பட்டையில் வரும் சனல்களுக்கு 30 சென்ரிமீற்றரும் அதற்குக் குறைவும் தேவை. சனல்கள் வழி மாறும்போது பழைய அன்ரனா பயனற்றுப் போவது இதனால்தான். உங்களுக்கு இரண்டாவதாக ஒரு யு.எச்.எவ். அன்ரனாவும், இரண்டையும் சேர்க்கும் இணைப்புப் பெட்டியும் வேண்டும். தட்டை வயர் இருந்தால் கழற்றிவிட்டு 75 ஓம் ஆர்.ஜி.-6 வயர் போடுங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது அன்ரனாவிலுள்ள சிறு கறுப்புப் பெட்டியின் திருகுகளை. பச்சை பிடித்திருந்தால் சுரண்டி, சிலிக்கோன் கிறீஸ் பூசி, இறுகச் சுற்றும் இறப்பர் நாடாவால் மூடுங்கள்.

டிஜிற்றலுக்குப் போவதற்கு இலங்கை 2014 இல் ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தேர்ந்தது. மாற்றம் பலமுறை தள்ளிப்போயிற்று. புதிதாக ரி.வி. வாங்குபவர்கள் பெட்டியில் அந்த முறையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. யு.எச்.எவ். அன்ரனா அப்போதும் பயன்படும்.

கேள்வி: சனல் பெயர் மாறி மாதங்கள் ஆகியும் எங்கள் டிஷ் பெட்டியில் பழைய பெயரே வருகிறது. பழுதா?
– தம்பலகாமம் வாசகி

பதில்: பழுதில்லை. அலையோடு சேர்ந்து வரும் சேவைப் பெயரைப் பெட்டி முதல்முறை தேடும்போது நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும், பல பெட்டிகள் பிறகு அதைத் திருத்துவதில்லை. பிடித்த சனல்களின் பட்டியலைத் தாளில் குறித்துக்கொண்டு, பட்டியல் முழுவதையும் அழித்து, மீண்டும் தானியங்கித் தேடல் கொடுங்கள். அழிக்காமல் தேடினால் பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டு வரிகளாக நிற்கும், ஒன்றில் படம் வராது. புதிய பெயர் தமிழில் இருந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள், வேறு கோளாறு எதுவுமில்லை.